ஸ்கேனர் வாங்கியாச்சு, மார்க் ஷீட் எப்ப மாறும்?

இப்ப எந்த டென்டல் காலேஜ் பேஜைத் திறந்தாலும் ஒரே போட்டோதான். வாய்க்குள்ள பல்லைப் படம் பிடிக்கிற புது ஸ்கேனர் முன்னாடி டீன், நாலு ப்ரொபசர், குத்துவிளக்கு, கீழ "எதிர்காலப் பல் மருத்துவம்"னு கேப்ஷன். நல்லது, வாங்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா மாடிக்குப் போய் பேஷண்டைத் தொடுறதுக்கு முன்னாடி பழகுற ப்ரீகிளினிக்கல் லேபை எட்டிப் பாருங்க. செகண்ட் இயர் பையன் பயிற்சிக்கு வச்சிருக்கிற ஒரு நல்ல பல்லை எடுத்து, பெட்டி மாதிரி சதுரமா, ஓரம் ஷார்ப்பா, மில்லிமீட்டர் கணக்குல குடைஞ்சிட்டு இருப்பான். அமெரிக்க பல் டாக்டர் ஜி.வி.பிளாக் சொன்ன முறை, நூறு வருஷம் தாண்டியாச்சு.

பிளாக்கைக் குறை சொல்ல வரல, மனுஷன் பெரிய ஆளு. அவர் காலத்துல ஓட்டையை அடைக்க வச்ச அமால்கம் (பாதரசம் கலந்த உலோகக் கலவை) பல்லோட ஒட்டாது, அதனால அது கழண்டு விழாம பிடிச்சுக்க நல்ல பல்லையும் சேத்து வெட்டியாகணும், ஃப்ளோரைடு பேஸ்ட்டும் கிடையாது, பக்கத்துக் குழியிலயும் சொத்தை வந்துரும்னு முன்கூட்டியே அதையும் வெட்டுனாங்க. அந்தக் கணக்கு அப்ப சரி. 1955ல புவானகோர்ங்கிற அமெரிக்க பல் டாக்டர், பல்லோட மேல் ஓடான எனாமலை ஆசிட் வச்சு சொரசொரப்பாக்கினா பிசின் ஒட்டும்னு காட்டிட்டாரு, அதுக்கப்புறம் அவ்ளோ வெட்ட வேண்டிய காரணமே பாதி போயிருச்சு. ஆழமான சொத்தைனா நரம்புக்குப் பக்கத்துல இருக்கிற மெத்துனு ஆன பகுதியைச் சுரண்டாம விட்டு, மேல காத்துகூடப் போகாம சீல் பண்ணுங்கன்னு சர்வதேச நிபுணர் குழுவே 2016ல எழுதிருச்சு. இதை தியரியில எழுதினா மார்க் வரும். ப்ராக்டிகல்ல ஒரு பையன் தைரியமா அப்படி விட்டுட்டு வந்தா? வெளியில இருந்து மார்க் போட வர்ற எக்ஸ்டர்னல், கூர்முனை ப்ரோபை வச்சு குத்திப் பாத்துட்டு "என்னப்பா, சொத்தையை முழுசா எடுக்கலியே"ம்பாரு!

சில்வர் டையமைன் ஃப்ளோரைடையே எடுத்துக்கங்க. ஜப்பான்ல 1970லயே வந்த மருந்து. சின்ன பிரஷ்ஷால தடவினா போதும், ஊசி இல்ல, ட்ரில் இல்ல, பெரும்பாலும் சொத்தை அப்படியே நின்னுரும், அந்த இடம் மட்டும் கருப்பாயிரும். 2021ல உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேத்துருச்சு. சேர்ல உக்காந்ததுமே அலறுற மூணு வயசுப் பிள்ளைக்கு இதைவிட வேற என்ன வேணும். ஆனா பையன் முடிச்சுக் காட்ட வேண்டிய கோட்டாவைப் பாருங்க: இத்தனை பிடுங்கல், இத்தனை ஃபில்லிங், இத்தனை டென்ச்சர். "ட்ரில்லைத் தொடல, சொத்தை வளரல"ன்னு எழுத ரெக்கார்டு நோட்டுல காலமே இல்லையே, எதைக் காட்டி சைன் வாங்குவான்?

இன்னொரு பெரிய ஓட்டை இருக்கு, யாரும் பேச மாட்டாங்க. போஸ்டிங் முடிஞ்சதும் பையன் அடுத்த டிபார்ட்மெண்ட் போயிருவான், பேஷண்ட் திரும்பி வந்தா வேற யாரோ பாப்பாங்க. தான் வச்ச ஃபில்லிங் ஒரு வருஷத்துல என்ன ஆச்சுன்னு பாக்காமலே டாக்டர் ஆயிடுறான். புது மெட்டீரியல், புது டெக்னிக் எல்லாம் நல்லதா கெட்டதான்னு எதை வச்சு தெரிஞ்சுக்குவான், கம்பெனிக்காரன் ஹோட்டல்ல நடத்துற செமினார்ல சோறு போட்டு சொல்றதை வச்சா?

சீனியர் சார்கள் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. "நாங்க வச்ச அமால்கம் முப்பது வருஷமா நிக்குது"ம்பாங்க, உண்மைதான், ஈறோரம் எச்சில் ஊறுற இடத்துல அவசரமா வச்ச காம்போசிட் (பல் கலர்ல இருக்கிற பிசின் ஃபில்லிங்) அப்படி நிக்காது. ஆனா பாதரசத்தைக் குறைக்கிற மினமாட்டா ஒப்பந்தத்துல இந்தியா 2018லயே சேந்தாச்சு, 2022ல 15 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவசியம் இல்லாம அமால்கம் வைக்கக்கூடாதுன்னு பேசியாச்சு. அப்ப எச்சில் படாம பல்லைச் சுத்தி மாட்டுற ரப்பர் ஷீட்டான ரப்பர் டேம் போட்டு பல்லைக் காயவச்சு வேலை பாக்கிறதைத்தான் செகண்ட் இயர்ல இருந்தே கையில ஏத்தணும். ரப்பர் டேம் என்ன கோடி ரூபாயா?

தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023ல வந்துருச்சு. புது சிலபஸ்னு உக்காரும்போது ஏஐ, ரோபோன்னு சாப்டர் சேக்கிறதுக்கு முன்னாடி ப்ராக்டிகல்ல எதுக்கு எவ்ளோ மார்க்னு சொல்ற மார்க் ஷீட்டைத் திருத்துங்க சாமி. தேர்ட் இயர்ல ஒரு குடும்பத்தைக் குடுங்க, இன்டர்ன்ஷிப் முடியிற வரைக்கும் அந்தப் பையனே பாக்கட்டும், கடைசி வைவாவுல அந்தப் பற்களைப் பத்திக் கேளுங்க.

இப்ப படிக்கிற பசங்க இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, உங்க கையால ஒரு குழந்தைக்காவது அந்த சில்வர் மருந்தைத் தடவி, ஆறு மாசம் கழிச்சு அதே குழந்தையைத் திரும்பப் பாத்திருக்கீங்களா?