காசு கிடைத்தால் மட்டும் ஊருக்கு வயது தெரிந்துவிடாது

"கிணறு வெட்டும்போது ரோமானியக் காசு கிடைத்தது, எங்கள் ஊர் இரண்டாயிரம் வருசப் பழமை" என்று ஒரு படத்தோடு வருகிற செய்தியை நம் ஆட்கள் குழுவுக்குக் குழு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த வாரமும் ஒன்று வந்தது. அந்தக் காசின் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று நாம் குடியிருப்பதே பாலக்காட்டுக் கணவாயில். கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறியில் இறங்கிய சரக்கு கொடுமணலுக்கும் கரூருக்கும் பெரிய மலை ஏறாமல் போன வழி இதுதான். கோயம்புத்தூர் வெள்ளலூரில் 1842-லேயே ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகளை மொத்தமாக எடுத்திருக்கிறார்கள், அதற்கப்புறமும் அதே ஊரில் கிடைத்தது. அதனால் இங்கே ரோமானியக் காசு கிடைப்பது நடக்கிற காரியம்தான். அதை வைத்து ஊருக்கு வயது போடுகிற முறைதான் தப்பு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு காசு நிச்சயமாகச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அது கிடந்த மண்ணடுக்கு, அந்தக் காசு அச்சான காலத்துக்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது. அவ்வளவுதான். திபேரியஸ் அரசன் தலை போட்ட காசு என்றால் அவன் ஆண்டது கி.பி. 14 முதல் 37 வரை, ஆக அந்த மண் கி.பி. 14-க்கு முன்னால் படிந்தது இல்லை. அது கி.பி. 40-ல் விழுந்ததா, 140-ல் விழுந்ததா, இல்லை 400-ல் யாரோ ஒருத்தர் முந்தானை முடிச்சிலிருந்து நழுவியதா என்று காசு சொல்லாது. எந்தக் காலத்துக்குள் விழுந்தது என்ற பின்னெல்லையை வேறு எதையாவது வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வீடு கட்டும்போது நிலவாசல் வைத்த அன்றைக்கு, அடியில் பாட்டி பெட்டியில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றைப் போட்டார்கள். 1918 என்று போட்ட ரூபாய். வீடு கட்டியது 2009-ல். நாளைக்கு ஒருவர் அந்த நிலவாசலை எடுத்துப் பார்த்துவிட்டு "1918-ல் கட்டிய வீடு" என்று எழுதினால் கிட்டத்தட்ட தொண்ணூறு வருசம் பிசகிவிடும். "1918-க்கு முன்னால் கட்டியது இல்லை" என்று எழுதினால் சரி. அகழாய்வில் செய்வதும் இதேதான், அங்கே தொண்ணூறுக்குப் பதில் முந்நூறு வருசம் கூட விலகலாம்.

முந்நூறு என்று நான் சும்மா சொல்லவில்லை. திருச்சூர் மாவட்டத்தில் எய்யால் என்று ஒரு ஊர், குன்னங்குளம் பக்கம். 1940-களில் அங்கே ஒரு புதையல் கிடைத்தது. ரோமானியத் தங்கம், ரோமானிய வெள்ளி, அவற்றோடு நம் நாட்டு முத்திரைக் காசுகளும் ஒன்றாகவே இருந்தன. சூரியன், யானை, மரம், மலை என்று சின்னச் சின்ன முத்திரை குத்திய வெள்ளித் துண்டுகளைத்தான் முத்திரைக் காசு என்கிறோம், வடக்கே மௌரியர் காலத்திலும் அதற்கு முன்னாலும் புழங்கியவை. அந்தப் புதையலில் கடைசியாக வருகிற ரோமானிய அரசன் திராஜன், கி.பி. 98-ல் பட்டத்துக்கு வந்தவன். யோசித்துப் பாருங்கள், அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு முத்திரைக் காசு மட்டும் நம் கைக்கு வந்திருந்தால் "கி.மு. மூன்றாம் நூற்றாண்டு" என்று துணிந்து சொல்லியிருப்போம். உண்மையில் அதைப் புதைத்தவர் கி.பி. 98-க்கு அப்புறம்தான் புதைத்தார். புதையலைப் பொறுத்தவரை கணக்கு எப்போதும் கடைசிக் காசில்தான், மூத்த காசு எவ்வளவு மூத்தது என்பது தேதிக்கு உதவாது. வடக்குப் பறவூர் பக்கம் வள்ளுவள்ளியில் 1983-ல் எடுத்த தங்கக் காசுகளும் அப்படித்தான். நீரோவில் தொடங்கி அந்தோனினஸ் பயஸ் வரை போகிறது, அப்படியென்றால் புதைத்தது கி.பி. 138-க்கு முன்னால் இல்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் பக்கம் கிடைக்கிற ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் இரண்டு பேர் காலத்தது. இதைப் பார்த்துவிட்டு வியாபாரமே அந்த அறுபது எழுபது வருசம்தான் நடந்தது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. ஆனால் கி.பி. 64 வாக்கில் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் குறைத்தான், வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். எடை போட்டு வாங்குகிற வியாபாரி எதைக் கேட்பான்? பழைய கனமான காசைத்தான் கேட்பான். அதனால் திபேரியஸ் செத்து நாற்பது ஐம்பது வருசம் கழித்துக்கூட அவன் காசைப் பொறுக்கியெடுத்துக் கப்பலேற்றியிருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. அச்சான தேதி ஒன்று, கரை இறங்கிய தேதி ஒன்று, மண்ணுக்குள் போன தேதி இன்னொன்று. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் வரலாறே கோணலாகிவிடும்.

காசு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசன் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தடம் இருக்கிறது. யாரோ வேண்டுமென்றே, இனி இது பணமாகச் செல்லக்கூடாது என்றே வெட்டியிருக்கிறார்கள். சில காசுகளில் துளை இருக்கும், வளையம் பற்றவைத்திருக்கும். அது மாலையில் ஏறிவிட்ட காசு. மாலையில் ஏறியதற்கு ஆயுள் கணக்கே கிடையாது, அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் முகம் தேயாமல் கூர்மையாக இருக்கிற காசும் தேய்ந்து வழவழப்பான காசும் தேதி சொல்வதில் ஒன்றாகாது. முன்னது அச்சாகிக் கொஞ்ச காலத்திலேயே மண்ணுக்குள் போயிருக்கும், பின்னது கை மாறிக் கை மாறி எத்தனையோ காலம் சுற்றியிருக்கும்.

சேரர் காசைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, அதுதான் நமக்கு நெருக்கம். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும் போட்ட சதுரச் செப்புக் காசு. அப்புறம் மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்புறை, கொல்லிரும்பொறை என்று தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் சேர அரசர் பேர் போட்டவை. மாக்கோதை வெள்ளிக் காசில் இருக்கிற தலை ரோமானியக் காசில் இருக்கிற தலையைப் பார்த்துச் செய்தது போலவே இருக்கும். இதிலெல்லாம் ஆண்டு கிடையாது. மேற்கே குஜராத், மகாராஷ்டிரப் பக்கம் ஆண்ட சத்ரபர்கள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலிருந்து வெள்ளிக் காசில் சக ஆண்டையே பொறித்தார்கள், நம் மூவேந்தர்கள் அதைச் செய்யவில்லை. அதனால் காசுக்குத் தேதி எப்படிப் போடுகிறோம்? எழுத்து வடிவத்தைப் பார்த்து. எழுத்து வடிவத்துக்குத் தேதி எப்படி வந்தது? கல்வெட்டு, பானை ஓடு, அதோடு இந்த மாதிரிக் காசுகளையும் வைத்து. இந்தச் சுற்றை உடைக்க வேண்டுமென்றால் அந்தக் காசு ஒரு நல்ல குழியில், எந்த அடுக்கு என்று தெரிந்து, பக்கத்தில் கரியோ ரோமானியச் சாடி ஓடோ இருக்கக் கிடைக்க வேண்டும். வடக்குப் பறவூர் பக்கம் பட்டணம் என்ற ஊரில் 2007-ல் தொடங்கிய அகழாய்வு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். சேரர் செப்புக் காசும் மத்தியதரைக் கடல் பக்கத்து ஆம்போரா, அதாவது ஒயினும் எண்ணெயும் கொண்டுவந்த சாடி, ஓடும் ஒரே அகழாய்வில், அடுக்கு எழுதிவைத்து வெளிவந்திருக்கின்றன.

கரூர் கதை நேர் எதிர். பேர் பொறித்த சேரர் காசுகளில் நிறைய அமராவதி ஆற்று மணலில் சலித்து எடுத்தவை. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் அவற்றை வாங்கி, படித்து, அச்சில் கொண்டுவந்திருக்காவிட்டால் உருக்குக் கடைக்குப் போயிருக்கும், அந்த வேலைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஆற்று மணலில் அடுக்கு ஏது? வெள்ளம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடுகிறது. பேர் கிடைத்தது, தேதி கிடைக்கவில்லை. இன்றுவரை மாக்கோதைக்கு ஆளுக்கொரு நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆண்டே இல்லாத காசும் சில சமயம் அற்புதமாகச் சாட்சி சொல்லும். நாசிக் பக்கம் ஜோகல்தெம்பியில் 1906-ல் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் வெள்ளிக் காசு கிடைத்தது. எல்லாம் சத்ரப அரசன் நகபானன் காசு. அதில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றில் நகபானன் முகத்தின் மேலேயே சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் அச்சைக் குத்தியிருக்கிறான். யார் முன்னால், யார் பின்னால், யார் யாரை வென்றான் என்பதற்கு இதைவிட நேரடி ஆதாரம் வேண்டுமா? மேலே குத்தியது பிந்தியது, முடிந்தது விசயம். ஆண்டு எண் கிடைக்காது, ஆனால் வரிசை கிடைக்கும். வரிசையே பாதி வரலாறு.

சரி, அகழாய்வுக் குழிக்கு வருவோம். அடுக்கில் கிடைத்தாலும் அந்தக் காசு அந்த அடுக்குக்குச் சொந்தமா என்று பார்க்க வேண்டும். எலி வளை, கறையான், தென்னை வேர், பின்னால் வந்தவன் தோண்டிய குப்பைக் குழி, இது எல்லாமே மேலே இருந்ததைக் கீழே இறக்கிவிடும். அதனால்தான் ஒரு செங்கல் தளத்துக்கு அடியில், தளம் உடையாமல் இருக்கும்போது கிடைக்கிற காசுக்குத் தனி மதிப்பு: அந்தத் தளம் போட்டது அந்தக் காசுக்கு அப்புறம்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். தெருப் புழுதியில் கிடைத்த பத்துக் காசைவிட அந்த ஒரு காசு பெரியது.

காசே இல்லாமலும் தேதி போடலாம், போட்டிருக்கிறார்கள். 1945-ல் ஆங்கிலேயத் தொல்லியல் அறிஞர் வீலர் புதுச்சேரிப் பக்கம் இருக்கிற அரிக்கமேட்டுக்குத் தேதி போட்டது இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுப் பாத்திரத்தை வைத்து. பிறகு தொல்லியல் அறிஞர் விமலா பெக்லி அங்கே தோண்டியபோது அந்த ஊர் வீலர் சொன்னதற்கு முன்னாலேயே தொடங்கி ரொம்பப் பின்னாலும் தொடர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. பழனிப் பக்கம் பொருந்தலில் ஈமக்குழியில் வைத்த பானையில் இருந்த நெல்லைச் சோதித்துத்தான் கி.மு. 490 வந்தது, கீழடியில் கி.மு. 580 வந்தது கரித்துண்டிலிருந்து. கீழடியில் முத்திரைக் காசும் கிடைத்தது, ஆனால் அந்தத் தேதி காசு கொடுத்தது இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் பழமையைப் பேசுகிறவர்கள் கையில் இவ்வளவு உறுதியான ஆதாரம் இருக்கும்போது கிணற்றுக் காசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டாயிரம் மூவாயிரம் என்று அடித்துவிட்டால், அதைத் தப்பென்று காட்டுகிறவன் நல்ல ஆதாரத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவான். நம் ஆட்களே அவனுக்கு வழி செய்து கொடுக்கக்கூடாது.

எனக்குக் கோபம் வருவது வேறு ஒன்றில். இந்தப் பகுதியில் ஒரு வீட்டில் ஒரு செப்புக் காசு காட்டினார்கள், பெரியவர் புளி போட்டுத் தேய்த்துப் பளபள என்று வைத்திருந்தார். "எத்தனை வருசமுங்க இருக்கும் தம்பி இது?" என்று கேட்டார். சதுரம், ஒரு ஓரம் மழுங்கியிருந்தது. ஒரு பக்கம் யானையின் முதுகு வளைவு மாதிரி ஒரு கோடு, மறுபக்கம் எதுவுமே இல்லை. பச்சைக் களிம்போடு சேர்ந்து எழுத்தோ சின்னமோ இருந்ததும் போய்விட்டது. எங்கே கிடைத்தது என்றால் வாய்க்கால் வெட்டும்போது, எந்த வாய்க்கால் என்று அவருக்கே நினைவில்லை, கூடக் கிடந்த ஓடுகளை எப்போதோ வரப்புக்குப் போட்டுவிட்டார்கள். அவர் மேல் தப்பில்லை, யாரும் அவருக்குச் சொன்னதில்லை. டிடெக்டர் வைத்துத் தேடி எடுத்து ஆன்லைனில் விற்கிறவர்களை அப்படி மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள்.

2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் தொழிலுறுதித் திட்டத்தில், அதாவது நூறு நாள் வேலையில் இருந்த பெண்கள் ரப்பர் தோட்டத்தில் மழைக்குழி எடுக்கும்போது ஒரு பாத்திரம் தட்டுப்பட்டது. வெடிகுண்டோ என்று முதலில் பயந்திருக்கிறார்கள். அப்புறம் திறந்தால் முத்து, தங்கப் பதக்கம், வெனிஸ் தங்கக் காசு, கண்ணூரை ஆண்ட ஆலிராஜா காசு, இந்தோ பிரெஞ்சுக் காசு. பங்கு போட்டுக்கொள்ளாமல் அப்படியே ஒப்படைத்தார்கள். பல நாட்டுக் காசு ஒரே பாத்திரத்தில் கலையாமல் வந்ததால்தான் எது கடைசி, எப்போது புதைத்திருப்பார்கள் என்று தொல்லியல் ஆட்களால் பார்க்க முடிகிறது. அந்தப் பெண்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

கொடுத்தால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் உள்ள பங்கைப் பேசுகிறது, அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும் என்றும் சொல்கிறது. மறைத்தால்தான் தண்டனை. கேரளப் பக்கம் தகவல் சொல்ல வில்லேஜ் ஆபீஸ், தமிழ்நாட்டுப் பக்கம் வி.ஏ.ஓ.

எனவே நாளைக்கு உங்கள் தோட்டத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம். எடுப்பதற்கு முன்னால் குழியோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவையாவது வைத்து. தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்று டேப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள், மண் நிறம் எங்கே மாறுகிறது என்பதையும். கூடக் கிடக்கிற ஓட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கரித்துண்டு இருந்தால் வெறும் கையால் தொடாமல், சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாளில் மடித்துத் தனியாக வையுங்கள், கார்பன் சோதனைக்கு அது தேவைப்படும்.