பிஸ்கட் டின்னும் என் பேத்தியும்

ரங்கூனில் எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. உள்ளே ஊசி, நூல்கண்டு, பொத்தான்தான். மூன்று வயதுப் பேத்தி ஆசையாகத் திறந்து ஏமாந்துபோனாள். மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்: "மாமா இதைத் திறந்து பார்த்ததில்ல. உள்ள என்ன இருக்குன்னு நினைப்பாரு?" யோசிக்காமல் "நூல்" என்றாள். "திறக்கறதுக்கு முன்னாடி நீ என்ன நினைச்ச?" அதற்கும் நூல்தான்.

பக்கத்தில் இருந்த உறவினர் சொன்னார்: "வீட்டுல தமிழ், தெருவுல பர்மா பாஷை. புள்ளைக்குப் புத்தி குழம்பிப்போச்சு." மனசு வலித்தது. இந்தப் பயத்திலேயே பிள்ளைகளிடம் தமிழை நிறுத்திய வீடுகள் எனக்குத் தெரியும்.

குழப்பம் ஒன்றுமில்லை, அது வயது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்சி சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது மாக்சிக்குத் தெரியாது என்பது பொதுவாக நான்கு வயதையொட்டித்தான் பிடிபடுகிறது.

அதற்காகச் சின்னதுகளுக்கு ஒன்றுமே புரியாது என்று நினைக்காதீர்கள். ரெப்பசோலியும் காப்னிக்கும் 1997இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் பிஸ்கட்டைத் தின்று முகம் சுளித்தார், ப்ராக்கோலி என்ற பச்சைக் காயைத் தின்று மகிழ்ந்தார். அப்புறம் குழந்தையிடம் கை நீட்டினார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன. 18 மாதக் குழந்தைகள் ப்ராக்கோலியை எடுத்துக் கொடுத்தன! அடுத்தவர் ஆசை முதலில் புரிகிறது. அடுத்தவர் தப்பாகவும் நினைத்திருக்கலாம் என்பது பிறகு.

சரி, இரண்டு மொழி? என்னிடம் தமிழில் தண்ணீர் கேட்கிறவள், பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி வாசலில் நின்றால் சட்டென்று பர்மியத்துக்கு மாறுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவருக்கு எது புரியும் என்று பார்த்துத்தானே மாறுகிறாள்? கோவாச் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ருமேனிய மொழியும் ஹங்கேரிய மொழியும் பேசும் மூன்று வயதுப் பிள்ளைகள் மாக்சி கதை போன்ற கேள்விகளில் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட நன்றாகத் தேறினார்கள். பிள்ளையிடம் தமிழிலேயே பேசுங்கள். "தம்பி ஏன் அழுறான்? நீ எடுத்தது அவனுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். இப்படிப்பட்ட பேச்சு வீட்டில் புழங்கினால் பிள்ளைக்கு அடுத்தவர் மனசு சீக்கிரம் பிடிபடும்.

போன மாதம் பேத்திக்கு நான்கரை வயது. அதே உறவினர் வந்திருந்தார். டின்னை அவர் மடியில் வைத்து, "பிஸ்கட் எடுத்துக்கங்க" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு, அவர் மூடியைத் திறக்கும் வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.