மேரி ஆன்னிங் கண்டெடுத்தது டைனோசர் அல்ல

“உலகின் முதல் டைனோசரைக் கண்டுபிடித்தவர் 12 வயதுச் சிறுமி மேரி ஆன்னிங்” என்ற செய்தி சமூக ஊடகங்களில் அவ்வப்போது பரவுகிறது. சிறுமியும் உண்மை, புதைபடிவமும் உண்மை. டைனோசர் என்பதுதான் தவறு.

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் 1811-இல் அந்தப் புதைபடிவத்தின் மண்டையோட்டை முதலில் கண்டவர் மேரியின் அண்ணன் ஜோசப். உடலின் எஞ்சிய எலும்புகளை மறு ஆண்டு மேரி கண்டறிந்தார். அது இக்தியோசர், அதாவது டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே கடலில் நீந்தித் திரிந்த, ஆனால் அவற்றின் கிளையைச் சேராத ஊர்வன விலங்கு. 1823-இல் அவர் வெளிக்கொணர்ந்த பிளீசியோசரும் அத்தகையதே.

அறிவியல் முறைப்படி முதலில் பெயரிடப்பட்ட டைனோசர் மெகலோசாரஸ். இங்கிலாந்தின் ஸ்டோன்ஸ்ஃபீல்டில் கிடைத்த தாடை முதலிய எலும்புகளைக் கொண்டு புவியியலாளர் வில்லியம் பக்லாண்ட் 1824-இல் அதை விவரித்தார். டைனோசர் என்ற சொல்லுக்கு மூலமான விலங்குத் தொகுதிப்பெயரையே உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1842-இல்தான் உருவாக்கினார்.

மேரிக்கு இந்த இரவல் பெருமை தேவையுமில்லை; அவருக்கு உரிய பெருமைதான் அன்று கிடைக்காமல் போனது. அவர் எடுத்த பிளீசியோசரை லண்டன் புவியியல் சங்கத்தில் 1824-இல் விளக்கிய புவியியலாளர் கோனிபியர், கண்டெடுத்தவரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பெண் என்பதால் அச்சங்கத்தில் மேரி உறுப்பினராகவும் இயலவில்லை.