பாலாற்றில் எனக்குப் பிடித்த அருவி

அருவி பார்க்க வேண்டும் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஜலகாம்பாறைக்கோ அமிர்திக்கோ கிளம்பிவிடுவார்கள். எனக்குப் பிடித்த அருவி மலையில் இல்லை. வாலாஜாவுக்குப் பக்கத்தில், புதுப்பாடியில் இருக்கிறது. மனிதர்கள் கட்டியது.

1858இல் பாலாற்றின் குறுக்கே எழுந்த அணைக்கட்டு அது. 1874 வெள்ளத்தில் உடைந்து, மறுபடியும் கட்டப்பட்டது. உயரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஆறு வரும் நாளில் அத்தனை தூரத்துக்கும் தண்ணீர் மடிந்து விழும்.

2021 நவம்பரில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் வந்தது. வெள்ளம் வடியத் தொடங்கியதும் அம்மாவை அழைத்துப் போனேன். பாலாற்றை மணலாகவே பார்த்துப் பழகியவர். கரையில் நின்று வெகுநேரம் பேசவே இல்லை. சுவரின் விளிம்பில் கண்ணாடிபோல் வழுக்கி வரும் செம்மண் நீர், கீழே கருங்கல்லில் பட்டதும் வெள்ளை நுரையாகிறது. அந்த நுரையின் ஓரத்திலேயே கொக்குகள் வரிசையாக நின்று, தடுமாறி விழும் மீனைக் கொத்திக்கொண்டிருந்தன.

அங்கே இறங்கிக் குளிக்காதீர்கள். விழும் இடத்தில் தண்ணீர் சுருண்டு சுருண்டு ஆளை அடியிலேயே பிடித்து வைத்துவிடும். நீச்சல் தெரிந்தவரையும் விடாது.

எனக்கு ஆதங்கம் வேறொன்று. வருகிறவர்கள் எல்லாரும் விழும் நீரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சுவரைக் கட்டியதே தண்ணீர் விழுவதற்காக அல்ல, ஆற்றின் மட்டத்தை உயர்த்திப் பக்கத்துக் கால்வாய்களில் திருப்புவதற்காக. அப்படித் திரும்பும் தண்ணீர்தான் பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரிக்கும் மகேந்திரவாடி ஏரிக்கும் போகிறது. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலின் கல்வெட்டிலேயே அந்த ஏரியின் பெயர் இருக்கிறது, மகேந்திர தடாகம் என்று. ஏழாம் நூற்றாண்டில் வெட்டிய ஏரிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவர் தண்ணீர் அனுப்புகிறது! இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அன்று மதகுப் பக்கம் நாங்கள் இருவர் மட்டுமே போனோம். கால்வாயில் ஆகாயத்தாமரையும் தண்ணீர் பாட்டில்களும் அடைத்துக் கிடந்தன. இந்தப் பக்கம் ஆறு கரைபுரள, அந்தப் பக்கம் ஏரிக்குப் போகும் நீர் குப்பையில் தேங்கி நின்றதைப் பார்த்து வயிறு எரிந்தது. தூர்வாரும் வேலை ஆடியிலேயே முடிந்திருக்க வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கி என்ன பயன்?

இந்த முறை ஆடியில் மதகிலிருந்து மகேந்திரவாடி வரை கால்வாய்க் கரையிலேயே நடந்து பார்க்கப் போகிறேன். எங்கெங்கே அடைப்பு என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன். அம்மா கோடையில் வாய்க்காலுக்குள் நடந்து பழகியவர், பாதி தூரமாவது வருகிறேன் என்கிறார். சேர்ந்து நடக்க விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.