தாத்தாவின் இன்னொரு பாதி

எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றிய பேச்சு சயாம் ரயிலில்தான் ஆரம்பிக்கும். 1943-இல் மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். மூன்று மாத வேலை என்று சொல்லி ஜப்பான்காரர்கள் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவின் தன்பியூசயாட் வரை போகும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மண் வெட்ட வேண்டும். அந்த மழைக்காலத்தில் முகாம்களில் காலரா. எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) போன ஒன்பது பேரில் தாத்தாவும் இன்னொருவரும்தான் திரும்பினார்கள். முழங்காலுக்குக் கீழே இருந்த புண் தழும்பை என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டியிருக்கிறார்.

சரி, திரும்பி வந்தபிறகு? அதை யாரும் சொல்ல மாட்டார்கள். பாட்டி சாகும்முன் அத்தையிடம் சொல்லித்தான் எனக்கே தெரியும். தாத்தா தோட்டத் தொழிற்சங்கத்தில் சேர்ந்து, லயம் லயமாகப் போய் சந்தா வசூலித்திருக்கிறார். 1948 ஜூனில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க என்று, ஆங்கிலேயர் அவசரகாலத்தை அறிவித்தார்கள். தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு ரத்தானது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்தார் என்று சொல்லி, 1949 மே 4 அன்று கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். செய்தி தோட்டத்துக்கு வந்த அன்று பாட்டி ரசீதுப் புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டார். அப்புறம் லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் இருக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்குச் சோறு போய்விடுமாம், அதனால் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதனை. விடியுமுன் வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போவாராம் தாத்தா.

இதைச் சொன்னால் "அது வேற விஷயம், விடு" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சயாமுக்கு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சங்கத்தில் அவராகப் போய்ச் சேர்ந்தார். சாவைப் பார்த்துத் திரும்பிய ஒருவர், கூலி கேட்கப் பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நின்றார். பேரனாக எனக்கு அதில்தான் பெருமை அதிகம். பாட்டியின் பயத்தை நான் குறை சொல்லவில்லை, நாலு பிள்ளைகள் இருந்த வீடு அது. ஆனால் அடுப்பு அணைந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன மாதம் தாத்தாவின் நினைவுநாளுக்குக் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டார்கள். கீழே, "சயாம் மரண ரயிலில் உயிர் தப்பியவர்." நான் இன்னொரு வரி சேர்த்தேன்: "தொழிற்சங்கத்துக்கு சந்தா வசூலித்தவர்." பெரியப்பா அழைத்து எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.