ஆறு செல் என்று எழுதி மூன்று செல்லை விற்கிறார்கள்

பலகாரக் கடைத் தராசில், சீப்புச் சீடை நிறுக்கும் தட்டில், என் மடிக்கணினியின் பேட்டரியை வைத்து நிறுத்துப் பார்க்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு மாதம் ஆகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

பள்ளத்தூரில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பதும் என் தொழில். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் ஒரு பட்டறை, ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை என்று ஒன்பது பேர் என்னை நம்பி பில் கட்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய மடிக்கணினி தண்ணீர் பட்டுக் கெட்டுப் போனதால், சித்திரை மாதம் காரைக்குடிக் கடை ஒன்றில் 18,500 ரூபாய்க்குப் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். புதிது வாங்கக் கையில் பணம் இல்லை என்பது ஒரு காரணம். நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் குப்பையில் போடாமல் இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துவதுதான் சரி என்று நான் நம்புவது இன்னொரு காரணம். அதை இன்றும் நம்புகிறேன். "பேட்டரி எப்படி தம்பி?" என்று கேட்டேன். "நூறு பர்சன்ட் காட்டுது பாருங்கக்கா, ரெண்டு மணி நேரம் தாராளமா நிக்கும்" என்றார். திரையின் மூலையில் நூறு என்றுதான் இருந்தது.

அது எதில் நூறு என்பதை அவர் சொல்லவில்லை. திரை காட்டும் சதவீதம், பேட்டரி இன்றைக்கு எவ்வளவு கொள்ளுமோ அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும்; புதிதாக இருந்தபோது கொண்ட அளவில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லாது. குடம் சுருங்கிச் செம்பாகிப் போனாலும், செம்பு நிரம்பினால் நூறு என்றே காட்டும். உண்மை நிலையைத் தெரிந்துகொள்ள விண்டோஸிலேயே வழி இருக்கிறது. கட்டளைத் திரையில் ‘பவர்சிஎஃப்ஜி’ என்று தொடங்கும் ஒற்றை வரியைத் தட்டினால், பேட்டரியின் சரித்திரம் முழுவதும் ஓர் அறிக்கையாக வந்து நிற்கும். என் கணினியில் அதைத் தட்டிப் பார்த்தபோது, தயாரித்தபோது இருந்த கொள்ளளவு 48,000 மில்லிவாட் மணி (பேட்டரி சேர்த்து வைக்கும் மின்சாரத்தின் அளவு) என்றும், இப்போது முழுதாக நிரம்பினால் கொள்வது 13,900 என்றும், 731 முறை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது என்றும் இருந்தது. பத்தில் மூன்று பங்குகூட மிஞ்சவில்லை. இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நாள்தோறும் கணினி விற்கிறவருக்கு இந்த ஒரு வரி தெரியாது என்றால் என்னால் நம்ப முடியாது. தெரிந்தும் காட்டாமல், பில்லின் அடியில் ‘பேட்டரிக்கு உத்தரவாதம் இல்லை’ என்று பொடி எழுத்தில் அச்சடித்து வைத்திருப்பதைத்தான் நான் மோசடி என்கிறேன்.

தேய்ந்த பேட்டரி செய்யும் கொடுமை நேரம் குறைவதோடு முடிவதில்லை. தாக்கல் செய்யக் கடைசி நாளான 20ஆம் தேதி, எங்கள் பக்கத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. ஆத்தங்குடிப் பட்டறைக்காரர் கடைசி பில்களை முந்தின நாள் இரவுதான் அனுப்பியிருந்தார். நாங்கள் வாடகைக்குக் குடியிருப்பது பழைய வீடொன்றின் இரண்டாம் கட்டுப் பகுதியில். காரைச் சுவரில் துளை போட வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிப்பதில்லை என்பதால் எங்களுக்கு இருப்பதே இரண்டு பிளக் பாயிண்டுகள்தான், அன்றைக்கு அவையும் இல்லை. கைபேசியிலிருந்து இணையம் எடுத்து, எண்களைச் சரிபார்த்து, கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது திரை 41 சதவீதம் காட்டியது. அடுத்த நொடி அணைந்துவிட்டது. எச்சரிக்கையும் வரவில்லை, சிவப்பு அடையாளமும் வரவில்லை. பேட்டரி என்பது செல் எனப்படும் சிறு மின்கலங்களின் தொகுப்பு. வயதான செல்லின் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வர உள்ளேயே இருக்கும் தடை, கூடிவிடும்; கணினி சற்றுக் கூடுதலாக மின்சாரம் கேட்டதுமே செல்லின் மின்னழுத்தம் சரிந்து விழும்; காட்டும் எண் எதுவாக இருந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். மாலை ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தபோது, கடைசி நாள் நெரிசலில் ஜிஎஸ்டி தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள்தான் தாக்கல் ஆயிற்று. நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்தே கட்டினேன். ஐம்பது ரூபாய் பெரிதில்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து ஒரு மாதமும் தேதி தவறாதவள் என்று இந்த வட்டாரத்தில் எனக்கு இருந்த பெயர் எனக்குப் பெரிது.

சரி, பேட்டரியை மாற்றிவிடலாம் என்று இணையத்தில் வாங்கினேன். ‘6 செல், 5200 எம்ஏஎச் (கொள்ளளவு), ஒரிஜினல் தரம்’ என்று எழுதி, 1,450 ரூபாய்க்கு வந்தது. பொருத்தி இயக்கியதும், இந்தப் பேட்டரி அங்கீகரிக்கப்பட்டதல்ல, இது சார்ஜ் ஆகாது என்று கணினி திரையில் எழுதிக் காட்டிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். பெட்டியைப் பிரிக்காமல் பேட்டரியை எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று நான் எழுதிய கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

அதைக் கையில் வைத்துக்கொண்டு பலகாரக் கடையில் உட்கார்ந்து புலம்பியபோதுதான் கடைக்காரர், "புதுசு ரொம்ப இலேசா இருக்கே அம்மா, கொண்டா நிறுத்துப் பாத்துருவோம்" என்றார். நாற்பது வருடம் தராசோடு இருந்த கை அது. பழையது 322 கிராம். புதியது 187 கிராம். இத்தகைய பேட்டரிகளுக்குள் இருப்பது 18650 என்ற உருளைச் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். ஒரு செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். ஆறு செல் என்றால் செல்லே 270 கிராம் வர வேண்டும். பிளாஸ்டிக் கூடு, உள்ளே இருக்கும் மின்பலகை இவற்றின் எடை தனி. மொத்தமே 187 என்றால் உள்ளே என்ன இருக்கிறது? செக்காலை ரோட்டுப் பக்கம் பழுது பார்க்கும் தம்பி ஒருவர், நெருப்புக்கு எச்சரிக்கையாக மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கத்தியால் ஓரத்தை நெம்பித் திறந்தார். ஆறு பள்ளங்களில் மூன்றில் மட்டும் செல் இருந்தது. அவற்றின் மேலும் பெயரில்லை, எண்ணில்லை; வெறும் நீலத் தாள் சுற்றியிருந்தது. மற்ற மூன்று பள்ளங்களும் வெறுமையாக இருந்தன. கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைத்து நிறுக்கிற வியாபாரியை எடையளவுத் துறை பிடிக்கிறது. ஆறில் மூன்றை எடுத்துவிட்டு விற்கிறவரைப் பிடிக்க யாரும் இல்லை. கைக்கடக்கமான மின்சாதனங்களில் போடும் லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். முத்திரையின் கீழே ‘ஆர்’ என்ற எழுத்தோடு பதிவெண் இருக்க வேண்டும். இதன் மேல் முத்திரை அச்சாகியிருந்தது. எண் இருக்க வேண்டிய இடம் காலி.

போலி வராமல் தடுக்கத்தான் கணினிக்குள் பூட்டு வைத்திருக்கிறோம் என்று கணினி நிறுவனங்கள் சொல்கின்றன. மட்டமான லித்தியம் செல் தீப்பிடிக்கும் என்பது உண்மை; அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் அசலை விற்க வேண்டும் அல்லவா? வேலையை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறி, கணினி நிறுவனத்தின் சேவை மையத்தில் டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். கணினியின் வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்த பெண், இந்த மாடலுக்குப் பேட்டரி நிறுத்திவிட்டார்கள் மேடம், புது மாடல் பார்க்கிறீர்களா என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னார். ஆனால் அசலைத் தரவும் மாட்டோம், மற்றதை ஏற்கவும் மாட்டோம் என்று இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? செயலி நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கீறல் இல்லை, விசைப்பலகையில் ஓர் எழுத்தும் அழியவில்லை. எட்டு வயது இயந்திரத்தில் கெட்டுப் போனது கைப்பிடி அளவுள்ள ஒரே ஒரு பாகம். அதுவும் தேயும் என்று எல்லோருக்கும் தெரிந்த பாகம். லித்தியம் அயன் பேட்டரியை 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்தே அது சில நூறு முறை ஏறி இறங்கினால் தளர்ந்துவிடும் என்பது ரகசியமில்லை. சைக்கிளுக்கு டயர் தேய்வதுபோல இது தேயும். டயர் தேய்ந்தது என்று சைக்கிளைத் தூக்கிப் போடு என்று யாராவது சொல்வார்களா?

பழுது பார்க்கும் தம்பி மட்டும்தான் இந்தக் கதையில் என்னிடம் நேர்மையாகப் பேசினார். பழைய பேட்டரியைத் திறந்து நல்ல செல்லாக ஆறு போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "செல்லை மாத்திரலாம்க்கா. சிப்பு ஒத்துக்காது" என்றார். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் சிறு மின்பலகை ஒன்று இருக்கிறது. ஏறி இறங்கிய கணக்கு, மிஞ்சிய கொள்ளளவு எல்லாவற்றையும் அதிலுள்ள சிப்தான் எழுதி வைத்துக்கொள்கிறது. உள்ளே புத்தம் புதுச் செல் போட்டாலும் அது பழைய 13,900 கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். சில வகைச் சிப்புகளோ, செல்லைக் கழற்றியதும் பேட்டரி செத்துவிட்டது என்று தன்னைத்தானே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளுமாம். அதைத் திறக்கும் மென்பொருளும் கருவியும் தன்னிடம் இல்லை என்றும், செல்களை நிக்கல் பட்டையால் ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாக நொடியில் பற்றவைப்பது) செய்து இணைக்க வேண்டுமே தவிர ஈயப் பற்று வைத்தால் சூட்டில் செல் பாழாகும் என்றும் சொல்லி, பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

இவ்வளவும் நடந்தது எந்த ஊரில் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு எரிகிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் காரைக்குடி. பேட்டரி ஆராய்ச்சிக்கு நாடே திரும்பிப் பார்க்கும் இடம் அது. பள்ளிக்கூட நாளில் வரிசையாக நடத்திக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். கண்ணாடிக் குவளையில் இரண்டு தகடுகளை அமிழ்த்தி அவர்கள் எரிய வைத்த சிறு விளக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஊர்க் கடைத்தெருவில் நம்பி வாங்க ஒரு மடிக்கணினி பேட்டரி இல்லை. அதே காரைக்குடியில், முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், பர்மா தேக்குக் கதவுகளும் பூட்டுகளும் சுவர்க் கடிகாரங்களும் பழுது நீக்கப்பட்டு அடுத்த வீட்டுக்குப் போகின்றன. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் முகப்பில் மாட்டியிருக்கும் கடிகாரம் அவருடைய ஐயா காலத்தது. இரண்டு முறை வில் மாற்றியாகிவிட்டது, இன்னும் மணி அடிக்கிறது. எங்கள் தெருவிலேயே நான்கு வீடுகளில், 2011இல் தொடங்கிய அரசு திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பரணில் கிடக்கின்றன. கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "நல்லாத்தான் இருந்துச்சு, பேட்டரி போயிருச்சு."

சட்டம் இல்லாமல் இல்லை. 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, தயாரித்து விற்றவர்கள்தான் பழைய பேட்டரி திரும்ப வரவும் மறுசுழற்சிக்குப் போகவும் பொறுப்பு. நான் வாங்கிய கடையிலும் கேட்டேன், மதுரை மையத்திலும் கேட்டேன். இருவரும் கை விரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, பழுது பார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் துறை ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. எந்த நிறுவனத்தை எப்படித் தொடர்புகொள்வது என்ற தகவல் அதில் கிடைக்கும். தயாரிப்பே நின்றுபோன பேட்டரி கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டமே போட்டுவிட்டது: 2027 பிப்ரவரி 18 முதல், சிறு சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி சாதனங்கள் இருக்க வேண்டும், மாற்றுப் பேட்டரியும் ஆண்டுக்கணக்கில் கிடைக்க வேண்டும். இதே நிறுவனங்கள் அங்கே அதற்குக் கட்டுப்படப் போகின்றன. இங்கே அதே பொருளுக்கு அதே பணம் கொடுக்கிற நமக்கு ஏன் அந்தச் சட்டம் இல்லை?

நுகர்வோர் உதவி எண் 1915இல் இரண்டு புகார்கள் பதிவு செய்திருக்கிறேன். ஒன்று மூன்று செல் விற்றவர் மீது, மற்றது ‘நூறு பர்சன்ட்’ கடை மீது. இரண்டையும் விடப் போவதில்லை. தராசில் 187 என்று தெரியும் படமும், திறந்த கூட்டின் படமும் இணைத்திருக்கிறேன்.

பழைய பேட்டரியையும் திறந்த போலியையும் முனைகளில் டேப் ஒட்டி, ஆயா காலத்து ஊறுகாய் ஜாடியில் மணல் போட்டு வைத்திருக்கிறேன். குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. கணினி சுவரோரப் பிளக்கை விட்டு நகர முடியாமல் வேலை செய்கிறது. அடுத்த 20ஆம் தேதிக்கு மின்தடை வந்தால், பலகாரக் கடைக்காரர் தன் இன்வெர்ட்டர் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.