கொதிக்க வச்சா தண்ணில இருக்குற ஈயம் (lead) போகாதுங்க

"தண்ணில ஈயம் இருந்தா 10 நிமிஷம் நல்லா கொதிக்க வச்சா போதும், குழந்தைக்கு தாராளமா குடுக்கலாம்"னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட் சுத்துது. தப்பு, தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க. கொதிச்சா கிருமி சாகும், ஈயம் உலோகம், அது எங்கயும் போகாது, தண்ணி ஆவியாக ஆக மிச்ச தண்ணில அதோட அளவு கூடத்தான் செய்யும், ரசம் சுண்டினா உப்பு கரிக்குதுல்ல அதே மாதிரி.

அமெரிக்காவுல ஃபிளின்ட்னு ஒரு ஊர், கறுப்பின மக்கள் அதிகம், ஏழ்மையும் அதிகம். 2014 ஏப்ரல்ல செலவைக் குறைக்கணும்னு ஆத்துத் தண்ணிக்கு மாத்துனாங்க, குழாய் அரிக்காம இருக்க சேர்க்க வேண்டிய மருந்த சேர்க்கவே இல்ல, பழைய ஈயக் குழாய் அரிச்சு ஈயம் நேரா வீட்டுக் குழாய்க்கு வந்துச்சு. நிறம் மாறி நாத்தம் வருதுன்னு ஜனங்க கத்துனாங்க, பாதுகாப்பான தண்ணிதான்னு அதிகாரிங்க சொல்லிட்டே இருந்தாங்க. 2015 செப்டம்பர்ல மோனா ஹன்னா-அட்டிஷாங்குற குழந்தை டாக்டர் ரத்தப் பரிசோதனை கணக்கை வெளியிட்டப்புறம்தான் அசைஞ்சாங்க. அந்த ஊர்லயும் 2014ல கிருமிக்காக கொதிக்க வைங்கன்னு அறிவிப்பு வந்துச்சு, ஈயத்துக்கு அது உதவாது.

குழந்தைக்கு இவ்வளவு ஈயம் பரவால்லங்குற அளவே கிடையாது, மூளை வளர்ச்சியையே பாதிக்கும். சந்தேகம் இருந்தா தண்ணிய லேப்ல டெஸ்ட் பண்ணுங்க, ஈயத்தை எடுக்கும்னு சான்றிதழ் இருக்குற ஃபில்டர் போடுங்க. பால் பவுடர் கரைக்க சுடுதண்ணிக் குழாய்ல பிடிக்காதீங்க, சூட்டுல ஈயம் இன்னும் கரையும். குழந்தைக்கு ரத்த டெஸ்ட் எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.